பழைய குடோனில் குடித்தனம்: புதுச்சேரியில் நான் பட்டதும் இழந்ததும்

புதுச்சேரி சுப்பையா சாலைக்குத் தெற்கே, பழைய துறைமுகத்துக்கும் வம்பாக்கீரப்பாளையத்துக்கும் போகிற வழியிலுள்ள தெருக்களில், ஒரு காலத்தில் சரக்கு அடுக்கிவைத்த குடோன்கள் சில ஆண்டுகளாக ஒவ்வொன்றாக உணவகமாகவும் துணிக்கடையாகவும் ஓவியக் கூடமாகவும் தங்கும் அறைகளாகவும் மாறிவருகின்றன. அவற்றுள் சிலவற்றை மாத வாடகைக்குக் குடியிருப்பாகவும் விடுகிறார்கள். அப்படி ஒன்றில் 2024 கோடையில் நானும் அப்பாவும் குடியேறி, அடுத்த ஆண்டு பொங்கல் கழிந்ததும் வெளியேறினோம். கொடுத்த வாடகையைச் சேர்க்காமலே ஏறக்குறைய 2,40,000 ரூபாய் எங்கள் கையை விட்டுப் போயிற்று. பணத்தைவிட, எழுபதைக் கடந்த அப்பாவை வைத்துக்கொண்டு நான் பட்ட பயத்தைத்தான் இன்றும் நினைத்துப் பார்க்கப் பிடிக்கவில்லை. இந்தக் கட்டடங்களைப் பற்றிப் படம் பிடித்துப் போடுகிறவர்கள் ஏராளம். அங்கே மழைக்காலத்தைக் கழித்தவர்கள் எழுதியது எதுவும் என் கண்ணில் படவில்லை. ஆகவே, நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

இந்தக் குடோன்கள் எப்படி வந்தன என்பதைத் தெரிந்துகொண்டால் பின்னால் சொல்லப்போவது விளங்கும். புதுச்சேரிக்குக் கப்பல் அணைகிற இயற்கைத் துறைமுகம் கிடையாது. அந்தக் காலத்தில் சலங்குப் படகுகளில் ஏற்றிக்கொண்டு போய்த்தான் நடுக்கடலில் நிற்கிற கப்பலுக்குச் சரக்கைச் சேர்க்க வேண்டியிருந்தது. ஆகவே கரையிலேயே சரக்கு காத்துக் கிடக்க வேண்டியிருந்தது. 1879-இல் விழுப்புரத்திலிருந்து ரயில் வந்தபின், உள்நாட்டிலிருந்து மல்லாட்டை (நிலக்கடலை) மூட்டை மூட்டையாக வந்து இறங்கி பிரான்சு நாட்டு மர்சேய் துறைமுகத்துக்குப் போயிற்று. நீலத் துணி ஆப்பிரிக்காவுக்குப் போயிற்று. அந்த வணிகத்துக்குத் தேவைப்பட்டது கனத்த செங்கல் சுவர், உயரமான கூரை, வண்டி பின்புறமாக வந்து நிற்க அகலமான ஒற்றை வாசல், திருடன் நுழையாதபடி எட்டாத உயரத்தில் சிறு காற்றுத் துளைகள் ஆகியவைதான். அதற்குள் மனிதர் படுத்துறங்குவார் என்று யாரும் நினைத்துக் கட்டவில்லை. அப்பா கடலூர் முதுநகர் மண்டியில் காலமெல்லாம் கணக்கு எழுதியவர். வீட்டைப் பார்க்கப் போன அன்று கூரையை அண்ணாந்து பார்த்துவிட்டு, "நல்ல கட்டடம்தாம்மா, ஆனா இது மூட்டைக்குக் கட்டினது" என்று மட்டும் சொன்னார்.

ஈர்ப்பு இல்லாமல் இல்லை. நான் வீட்டிலிருந்தே பதிப்பகங்களுக்கு மெய்ப்புத் திருத்துகிறவள். இரண்டு அறைக்குப் புத்தகங்கள் உண்டு. பழைய பிரெஞ்சுக் குடியிருப்பான வெள்ளை நகரத்துக்குள் அதே பரப்பளவுக்கு வீடு தேடினால் வாடகை இரட்டிப்பாகும். இங்கே 28,000 ரூபாய் வாடகையில் பெரிய கூடம், பின்னால் ஓர் அறை, இரும்புச் சட்டத்தின்மேல் பலகை பரப்பிய மேல்தளம், வார்னிஷ் பூசிய செங்கல் சுவர், காலையில் கடற்கரைச் சாலைக்கு நடந்தே போய்விடும் தூரம். தரகருக்கு ஒரு மாத வாடகையும், உரிமையாளருக்கு 2,00,000 ரூபாய் முன்பணமும் கொடுத்துச் சாவியை வாங்கினோம். இரண்டு இரவு தங்கிவிட்டுப் போகிறவர் ரசிக்கிற எல்லாமே அந்த வீட்டில் இருந்தன என்பதும், அங்கேயே வாழ்கிறவருக்கு வேண்டியவற்றில் பாதி இல்லை என்பதும் மெல்ல மெல்லத்தான் தெரிந்தன. புதுப்பிக்கும்போது உரிமையாளர் மனத்தில் இருந்தவர் விருந்தாளி, குடியிருப்பவர் அல்லர். எனக்கு வந்த தொல்லைகள் அனைத்தும் இந்த ஒன்றிலிருந்து கிளைத்தவைதாம்.

முதல் தொல்லை காகிதத்தில் வந்தது. பதினொரு மாத ஒப்பந்தத்தில் கட்டடத்தின் பயன்பாடு "வணிகம்" என்று இருந்தது. "அது வழக்கமா போடுறதுதான் மேடம், ஒண்ணும் ஆகாது" என்றார் உரிமையாளரின் மேலாளர். இரண்டாம் மாதமே வாடகையோடு 18 விழுக்காடு ஜிஎஸ்டி என்று 5,040 ரூபாய் சேர்த்துக் கேட்டார்கள். குடியிருக்கும் வீட்டைத் தனிநபருக்கு வசிக்க விட்டால் அந்த வாடகைக்கு ஜிஎஸ்டி கிடையாது. ஆனால் ஏட்டில் அது வணிகக் கட்டடம், உரிமையாளரோ ஜிஎஸ்டி பதிவு உள்ளவர். ஆகவே கட்டித்தான் தீரவேண்டும் என்று கணக்காளர் ஒருவரும் சொல்லிவிட்டார். வெளியேறும்வரை அந்த வகையில் மட்டும் 40,000 ரூபாய் போயிற்று.

மின்சாரமும் அப்படித்தான். தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கட்டணம், வீடுகளுக்கு அதில் முதல் 100 யூனிட் இலவசம் என்கிற கணக்கில் பழகிய கடலூர்க்காரர்கள் நாங்கள். புதுச்சேரியில் மாதாமாதம் கட்டணம் என்பதே புதிது. அதற்குமேல், அந்தக் குடோன் வரிசை முழுவதற்கும் வணிகப் பிரிவில் ஒரே இணைப்பு. ஒவ்வொரு பகுதிக்கும் உரிமையாளர் துணை மீட்டர் வைத்து, யூனிட்டுக்கு 13 ரூபாய் என்று தாமே விலை வைத்திருந்தார். மின்துறையின் பெயரில் எனக்கென்று ஒரு ரசீதுகூடக் கிடையாது. ரசீது இல்லாததால் முகவரிச் சான்று இல்லை. முகவரிச் சான்று இல்லாததால் கேஸ் ஏஜென்சியில் இழுத்தடித்தார்கள். வணிக முகவரிக்கு 14.2 கிலோ வீட்டு சிலிண்டர் தர முடியாது, 19 கிலோ வணிக சிலிண்டர் வேண்டுமானால் எடுத்துக்கொள்ளுங்கள் என்றார்கள். கடைசியில் மின் அடுப்பு வாங்கி, அதையும் 13 ரூபாய் யூனிட்டில் எரித்தோம்.

ஆகவே, இப்படிப்பட்ட கட்டடத்தைப் பார்க்கப் போகிறவர்கள் சுவரைப் பார்க்கும் முன் நான்கு காகிதங்களைக் கேளுங்கள்: நகராட்சியின் சொத்துவரி ரசீதில் அது குடியிருப்பா வணிகமா, மின் இணைப்பு யார் பெயரில் எந்தப் பிரிவில் உள்ளது, குடியிருப்பாக மாற்றுவதற்குப் புதுச்சேரி நகர அமைப்புக் குழுமத்தின் அனுமதி உண்டா, ஒப்பந்த வரைவில் பயன்பாடு என்னவென்று எழுதியிருக்கிறது. அனுமதியைக் கேட்பதற்குக் காரணம் உண்டு. கடற்கரையிலிருந்து 500 மீட்டருக்குள் இருக்கிற கட்டடங்களுக்குக் கடலோர ஒழுங்குமுறை மண்டல விதிகள் பொருந்தும். ஏற்கெனவே நகரமாக வளர்ந்துவிட்ட பகுதியில் அங்கீகாரம் பெற்ற பழைய கட்டடத்தை மீண்டும் கட்டிக்கொள்ளலாம். ஆனால் அதன் பயன்பாட்டை மாற்றாமல் கட்ட வேண்டும் என்பது அவ்விதிகளில் உள்ள நிபந்தனை. குடோனாக இருந்ததை இடித்துக் கட்டி வீடாக்கியிருந்தால் அதற்கான ஒப்புதலை உரிமையாளர் காட்ட வேண்டும். காட்டத் தயங்கினால், அந்தத் தயக்கத்தையே விடையாக எடுத்துக்கொண்டு நடையைக் கட்டிவிடலாம். தமிழ்நாட்டிலிருந்து வருகிறவர்களுக்கு இன்னொன்று. ஒப்பந்தத்தில் வேறுவிதமாக எழுதிக்கொள்ளாதவரை மூன்று மாத வாடகைக்குமேல் முன்பணம் வாங்கக் கூடாது என்று சொல்லுகிற 2017-ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் தமிழ்நாட்டினுடையது. கடலூரில் அதைச் சொல்லிப் பேரம் பேசலாம். இருபது கிலோமீட்டர் வடக்கே வந்துவிட்டால் பேச முடியாது.  ஆகவே முன்பணத்தைப் பற்றி ஒப்பந்தத்தில் எழுதுவதில் கறாராக இருங்கள்.

இரண்டாவது, சுவர். இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்தப் பக்கத்தில் எந்தப் பழைய கட்டடத்துக்குப் போனாலும் இது உங்களைத் துரத்தும். நாங்கள் குடியேறிய மே மாதத்தில் சுவர்கள் பளிச்சென்று இருந்தன. ஒரு பக்கம் பழைய பூச்சைச் செதுக்கிச் செங்கல் தெரிய வார்னிஷ். மற்ற மூன்று பக்கமும் சிமெண்டுப் பூச்சின்மேல் வெள்ளை எமல்ஷன். அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை தொடங்கியதும் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் சாம்பல் நிறத்தில் ஈரக்கோடு தோன்றியது. பிறகு அந்தக் கோடு முழங்கால் உயரத்துக்கு ஏறியது. பெயிண்டு அப்பளம்போல் உப்பி, விரல் பட்டதும் உடைந்து, உள்ளிருந்து வெள்ளைத் தூள் கொட்டியது. காலையில் முறத்தில் வாரிக் கொட்டினால் மாலையில் மீண்டும் சுவரோரம் அதே தூள். அப்பா அதை விரல்நுனியில் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, "உப்புதான்" என்றார். தெருமுனை டீக்கடைக்காரரிடம் விசாரித்தபோது, அவருடைய சிறுவயதில் அந்த வரிசையில் உப்பும் கருவாடும்தான் இருந்தன என்று தெரிந்தது.

வில்லியனூரிலிருந்து வந்த கொத்தனார் ஒருவர், சுவரைத் தட்டித் தட்டிக் கேட்டுவிட்டு எனக்கு விளக்கினார். நிலத்தடி ஈரத்தைச் சுண்ணாம்புக் காரையும் பழைய செங்கல்லும் உறிஞ்சி மேலே இழுக்கும். சுண்ணாம்புப் பூச்சாக இருந்தால் அந்த ஈரம் வெளியே காய்ந்து போய்விடும். மேலே சிமெண்டையும் பிளாஸ்டிக் போன்ற பெயிண்டையும் பூசி மூடிவிட்டால் அதற்குப் போக வழியில்லை. ஆகவே இன்னும் உயரே ஏறி, கிடைத்த இடத்தில் உப்பைத் தள்ளிப் பூச்சை உடைக்கும். கடற்காற்றின் உப்பு, நிலத்தடி நீரின் உப்பு, இத்தனை காலம் அடுக்கிய சரக்கின் உப்பு மூன்றும் அந்தச் சுவருக்குள் இருந்தன. "மேல எத்தினி கோட்டு அடிச்சாலும் நிக்காதும்மா. சிமெண்டைக் கொத்தி எடுத்துட்டுச் சுண்ணாம்பு பூசணும். அதுவும் உப்பை இழுத்துக்கிட்டு உரிஞ்சு விழும்; விழட்டும், திரும்பப் பூசிக்கலாம். செவுரு பொழைச்சுக்கும்" என்றார். உரிமையாளரிடம் சொன்னபோது, உட்புறப் பராமரிப்பு குடியிருப்பவர் பொறுப்பு என்கிற வரியை எடுத்துக் காட்டினார். வேண்டுமானால் நீர்புகாத பெயிண்டு அடித்துக்கொள்ளச் சொன்னார். கொத்தனார் எதைச் செய்யக் கூடாது என்றாரோ அதே மருந்து! பழைய கட்டடங்கள் தாமே விழுவதில்லை, நாம் மூச்சை அடைப்பதால் விழுகின்றன என்று அந்தக் கொத்தனார் சொல்லிக்கொண்டே போனார். எனக்கு நினைவுக்கு வந்ததோ 2014 நவம்பர் மழையில் சரிந்து விழுந்த, பிரெஞ்சுக் காலத்து நகர மன்றமான மேரி கட்டடமும், 2022 மார்ச்சில் ஒரு பகுதி கடலுக்குள் இறங்கிய பழைய துறைமுகப் பாலமும்தான். அன்றிரவு சரியாகத் தூக்கம் வரவில்லை.

சுவரைச் சோதிக்க அவர் சொல்லித்தந்த வழி எளிது. ஒரு அடிக்கு ஒரு அடி தெளிவான பிளாஸ்டிக் தாளைத் தரைக்குச் சற்று மேலே சுவரில் வைத்து நான்கு ஓரமும் டேப் ஒட்டிவிட வேண்டும். மறுநாள் பார்த்தால், தாளின் உட்பக்கம் நீர்த்துளி கோத்திருந்தால் ஈரம் சுவரிலிருந்து வருகிறது. வெளிப்பக்கம் மட்டும் ஈரமாக இருந்தால் அது காற்றின் ஈரம். வீடு பார்க்கப் போகும்போது இதற்கு ஒரு நாள் கேட்பதில் தவறே இல்லை. புதிதாக வெள்ளையடித்த வாசனை வருகிற சுவரானால் கட்டாயம் கேளுங்கள். முடிந்தால் வீடு பார்ப்பதையே நவம்பரில் வைத்துக்கொள்ளுங்கள்; கோடையில் எல்லாச் சுவரும் யோக்கியமானவைதாம். அந்தச் சுவரோரம் மூன்று புத்தக அலமாரிகளை ஆசாரியை வைத்து அடித்திருந்தேன். மண்டியில் மூட்டையைச் சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி, அடியில் கட்டை போட்டுத்தான் அடுக்குவார்கள், ஒட்டி அடுக்கினால் அடி மூட்டை போய்விடும் என்பது அப்பா முன்னமே சொன்னதுதான். ஆனால் அலமாரி நகரக் கூடாதென்று ஆசாரி அவற்றைச் சுவரோடு திருகிவிட்டார். தீபாவளிக்குப் பிறகு கீழ்த்தட்டுப் புத்தகங்களை இழுத்தபோது பின்னட்டைகள் பலகையோடு ஒட்டிக்கொண்டு பிய்ந்து வந்தன. அலமாரிகளுக்கும் கொசுவலைச் சட்டங்களுக்கும் பெயிண்டுக்குமாக 55,000 ரூபாய் செலவழித்திருந்தேன். போன புத்தகங்களும் ஒரு கட்டிலும் மெத்தையும் இன்னொரு 35,000 ரூபாய் இருக்கும். சில புத்தகங்கள் இனி அச்சில் கிடைக்காதவை, அவற்றுக்கு விலை போடவில்லை.

வெக்கையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தரகர் வீட்டைக் காட்டியது மாலை ஆறு மணிக்கு, கடற்காற்று வீசும்போது. கூரை தகரம், அதன்கீழ் ஜிப்சம் பலகை போட்டு மறைத்திருந்தார்கள். மேல்தளத்தில் நின்றால் தலைக்குமேல் ஒரு கைப்பிடிதான் இடைவெளி. குடியிருக்கும் அறைக்குக் குறைந்தது 2.75 மீட்டர் உயரம் வேண்டும் என்கிறது தேசியக் கட்டட விதித்தொகுப்பு. அந்தத் தளத்தில் அது எங்கே இருந்தது? இரவு பத்து மணிக்கும் சூடு இறங்காது. ஏசி ஓடிக்கொண்டே இருக்கும், துணை மீட்டரும் ஓடிக்கொண்டே இருக்கும். ஆகவே பகல் மூன்று மணிக்குப் போய், மேல்தளத்தில் ஏறி, கதவைச் சாத்திக்கொண்டு பத்து நிமிடம் உட்கார்ந்து பாருங்கள். அந்தப் பத்து நிமிடம் எந்தத் தரகரும் சொல்லாததைச் சொல்லிவிடும்.

இரைச்சல் வாரத்தில் மூன்று நாள். எதிர்வரிசையில் ஒரு குடோன் ரெஸ்டோ பாராகியிருந்தது. வெள்ளி இரவு தொடங்கி ஞாயிறு இரவு வரை பாட்டின் அடித்தாளம் எங்கள் ஷட்டரைத் தொட்டு நடுங்கவைக்கும். அலமாரிக் கண்ணாடி கிணுகிணுக்கும். இரவு பத்து மணிக்குமேல் ஒலிபெருக்கிக்குத் தடை என்பது 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளில் இருக்கிறது. 112-க்கு அழைத்தால் காவலர் வருவார், சத்தம் குறையும், அவர் போனதும் ஏறும். இதிலும் காகிதம்தான் குறுக்கே வந்தது. அதே விதிகளின்படி குடியிருப்புப் பகுதியில் இரவில் 45 டெசிபல்தான் எல்லை, வணிகப் பகுதியில் 55. எங்கள் தெரு ஏட்டில் வணிகத் தெரு என்பதால், "நீங்கதான் தெரிஞ்சு வந்திருக்கீங்க" என்று பார்க்காரர் சிரித்துக்கொண்டே சொல்ல முடிந்தது. மாலை ஆறு மணிக்குக் கடற்கரைச் சாலையை வாகனங்களுக்கு அடைத்துவிடுவார்கள். அந்த வண்டிகள் சுற்றியுள்ள தெருக்களில் வந்து நிற்கும்; சனிக்கிழமை மாலை நம் ஸ்கூட்டரை வெளியே எடுத்தால் திரும்ப நிறுத்த இடம் கிடைப்பது அரிது. செவ்வாய்க்கிழமை வீட்டைப் பார்த்துவிட்டு முன்பணம் கொடுக்காதீர்கள்; சனிக்கிழமை இரவு பதினொரு மணிக்கு அந்தத் தெருவில் ஒரு நடை நடந்துவிட்டுக் கொடுங்கள்.

இனி ஃபெஞ்சல். 2024 நவம்பர் 30 இரவு அந்தப் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தது. ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. தானே புயலை 2011 டிசம்பரில் கடலூரில் பார்த்தவர்கள் நாங்கள், காற்றுக்குத்தான் அஞ்சினோம். ஆனால் ஃபெஞ்சலில் வினையாக வந்தது தண்ணீர். பெரிய வாய்க்காலும் உப்பாறு வாய்க்காலும் கடலில் கலப்பது இந்தத் தெற்குப் பக்கத்தில். கடல் ஏறி நிற்கும்போது வாய்க்கால் நீர் வெளியே போகாமல் எதிர்த்து வரும். வாசலில் மண்மூட்டை அடுக்கிவைத்திருந்தேன். தண்ணீரோ வாசல் வழியாக வரவேயில்லை. முதலில் குளியலறை நீர்ப்போக்கியில் களகளவென்று சத்தம் கேட்டது; அதன்பின் கறுப்பாக, சாக்கடை நாற்றத்தோடு, அந்தத் துளை வழியாகவே பொங்கி வந்தது. அழகுக்காக எல்லா பிளக் பாயிண்டுகளையும் தரையிலிருந்து ஒரு அடி உயரத்தில் வைத்திருந்தார்கள். மெயின் சுவிட்ச் எங்கள் பகுதியில் இல்லை. வரிசைக்குப் பொதுவான அறையில், மேலாளரின் பூட்டுக்குள் இருந்தது. தண்ணீர் கணுக்காலைத் தாண்டும்போது தெருவுக்கே மின்சாரம் போயிற்று. அதைத்தான் இன்றும் நல்ல காலம் என்று சொல்லிக்கொள்கிறேன்.

மின்சாரம் போனதும் அடுத்த சங்கடம் தொடங்கியது. எங்கள் வாசல் மோட்டார் ஷட்டர். கையால் தூக்குவதற்கென்று ஒரு சங்கிலி உண்டு. உப்புக்காற்றில் அது துருப்பிடித்து இறுகிப்போயிருந்தது. நானும் அப்பாவும் தொங்கிப் பார்த்தும் அசையவில்லை. வேறு வாசல் கிடையாது. ஜன்னல்களோ எட்டாத உயரத்தில், கம்பியோடு. இருட்டில் முழங்கால் தண்ணீரில் நின்றபடி ஷட்டரை உள்ளிருந்து கரண்டியால் தட்டிக்கொண்டே இருந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. வம்பாக்கீரப்பாளையத்து இளைஞர்கள் சிலர் தெருவில் யாராவது மாட்டிக்கொண்டிருக்கிறார்களா என்று பார்த்துக்கொண்டே வந்தவர்கள், சத்தம் கேட்டு நின்றார்கள். "ஐயா, கட்டில் மேல ஏறி ஒக்காந்துக்குங்க, அக்கா நீங்களும் தள்ளி நில்லுங்க, நாங்க நெம்புறோம்" என்று வெளியிலிருந்து குரல் வந்தது. கடப்பாரையை அடியில் கொடுத்து இரண்டடி தூக்கினார்கள். அப்பாவைக் குனியவைத்து, தோளைப் பிடித்து வெளியே இழுத்தார்கள். அவர்கள் பெயரைக்கூட அன்று கேட்கத் தோன்றவில்லை. அடுத்த நாட்களில் தென்பெண்ணையில் வெள்ளம் வந்து கடலூர்ப் பக்கமும் தத்தளித்ததால் சொந்த ஊருக்கும் போக முடியவில்லை. தோழி ஒருத்தியின் வீட்டு மாடியில் தங்கினோம்.

தண்ணீர் வடிந்தபின் அந்த வில்லியனூர் கொத்தனாரே வந்து, தண்ணீர் நிரப்பிய தெளிவான ரப்பர் குழாயை வைத்து மட்டம் பார்த்தார். குழாயின் ஒரு முனையை நடுத்தெருவிலும் மறுமுனையை எங்கள் கூடத்திலும் பிடித்தோம். எங்கள் தரை தெருவைவிட நான்கு விரல் பள்ளம். குடோன் கட்டியபோது வண்டியிலிருந்து மூட்டையை இறக்குவதற்கு வாகாகத் தரையை மேடாகத்தான் வைத்திருப்பார்கள். பழைய சாலையைச் சுரண்டாமல் மேலே மேலே தார் போட்டுப் போட்டுத் தெரு உயர்ந்துவிட்டது. புதுப்பித்தவர்கள் மேல்தளத்துக்கு உயரம் கிடைக்க உள்ளே தரையைக் கொஞ்சம் வெட்டி இறக்கியும் இருந்தார்கள். குழாயும் தண்ணீரும் இருந்தால் இதை யாரும் கால் மணி நேரத்தில் பார்த்துவிடலாம். இதோடு, குளியலறை நீர்ப்போக்கியில் எதிர்நீரைத் தடுக்கும் வால்வு இருக்கிறதா, மெயின் சுவிட்ச் கைக்கெட்டும் இடத்தில் இருக்கிறதா, ஷட்டரின் கைச்சங்கிலி ஓடுகிறதா என்பதையும் பாருங்கள். இவை எல்லாவற்றுக்கும் மேலாக, ஷட்டரைத் தவிர, உள்ளிருந்து தாழ் நீக்கித் தள்ளினால் திறக்கிற சாதாரணக் கதவு ஒன்றாவது இல்லாத கட்டடத்தில் ஒரு இரவும் படுக்காதீர்கள். எங்களுக்கு வந்தது தண்ணீர்; நெருப்பாக இருந்திருந்தால் கடப்பாரை வரும்வரை நேரம் இருந்திருக்காது.

காலி செய்வதாக டிசம்பரிலேயே எழுத்தில் தெரிவித்தேன். ஜனவரி இறுதியில் சாவியைக் கொடுக்கப் போனபோது, "சுவர் சேதம், தரை சேதம், ஷட்டர் சேதம்" என்று பட்டியல் போட்டு 54,000 ரூபாயைக் கழித்தார்கள். கடப்பாரையால் நெளிந்த ஷட்டருக்கு மட்டும் 22,000. குடியேறிய நாளில் எடுத்த படங்கள் என்னிடம் இருந்தன; ஆனால் அவை அலமாரிகளையும் அப்பாவையும் காட்டின, சுவரின் அடிப்பகுதியைக் காட்டவில்லை. நீங்கள் குடியேறுகிற அன்று, சாமான் இறக்குவதற்கு முன், ஒவ்வொரு சுவரின் அடியையும், கூரை ஒட்டுகளையும், நீர்ப்போக்கிகளையும், துணை மீட்டரின் எண்ணையும் ஒரே ஓட்டமாக வீடியோ எடுத்து, அன்றே உரிமையாளருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். ஒப்பந்தத்தில் மூன்று வரிகளைச் சேர்க்கச் சொல்லுங்கள்: சுவர் ஈரம், கூரை ஒழுகல், வெள்ளம் ஆகியவற்றால் வரும் சேதம் குடியிருப்பவர் பொறுப்பல்ல, யூனிட் விலை மின்துறையின் கட்டணத்தைத் தாண்டாது, முன்பணம் சாவி கொடுத்த இத்தனை நாளுக்குள் திரும்ப வரும். இந்த வரிகளுக்கு ஒப்புக்கொள்ளாதவர் பின்னால் எப்படி நடந்துகொள்வார் என்பதை அப்போதே ஊகித்துவிடலாம்.

குடோன் வாழ்க்கையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அந்த உயரமான கூடத்தில் விடியற்காலை ஷட்டரைத் தூக்கியதும் நுழைகிற காற்று இன்று நாங்கள் இருக்கிற முத்தியால்பேட்டை மாடி வீட்டில் இல்லை. அந்தச் சுகத்தை மறைக்க முடியாது. அதே பகுதியில் இன்னொரு குடோனை அதன் உரிமையாளரே சுண்ணாம்புப் பூச்சோடு, தரையை இரண்டடி உயர்த்தி, பின்பக்கம் கதவு வைத்து, குடியிருப்பு மின் இணைப்பும் வாங்கிக் குடும்பத்தோடு வாழ்கிறார். ஃபெஞ்சலில் அவர் வீட்டுக்குள் ஒரு சொட்டுத் தண்ணீர் போகவில்லை. அங்கே வாடகைக்கு ஓர் அறை காலியானால் அப்பாவே போகலாம் என்கிறார். எங்களுக்கு வரவேண்டிய முன்பணத்தில் 1,00,000 ரூபாய் வந்துவிட்டது. அவர்கள் கழித்ததுபோக மீதமுள்ள 46,000 ரூபாய்க்காக வழக்கறிஞர் மூலம் அறிவிப்பு அனுப்பியிருக்கிறேன். அந்தக் கழிவுத் தொகையையும் அதில் சேர்த்தே கேட்டிருக்கிறேன்.